தோற்ற பாட்டுக்கு ஏறும் விலை

டாரல் பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1966இல் ‘ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்’ என்றொரு பாட்டைப் பாடினார். டெட்ராய்ட்டில் ரெவிலாட் என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய பாட்டு என்பதால் இசைத்தட்டு ஏராளமாக அச்சானது. இன்றைக்கும் அந்த அமெரிக்கத் தட்டைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமல்ல. கொஞ்சம் கீறல் விழுந்த பிரதியை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் வாங்கிவிடலாம். அதே பாட்டு, அதே குரல், அதே ஒலிப்பதிவு பிரிட்டனில் ‘லண்டன்’ என்ற லேபிளின், அதாவது வெளியீட்டுப் பெயரின், கீழும் அச்சானது. அந்தத் தட்டு ஒன்று சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஏலத்துக்கு வந்தபோது 14,543 பவுண்டுக்குப் போனது.

காதுக்கு எட்டுகிற வித்தியாசம் எதுவும் இரண்டுக்கும் இடையே கிடையாது. இருப்பதெல்லாம் ஓர் உரிமைத் தகராறு. பிரிட்டனில் அந்தப் பாட்டை யார் வெளியிடுவது என்பதில் இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டன. லண்டன் லேபிள் முந்திக்கொண்டு அச்சடித்தது. உரிமையோ ஈஎம்ஐயின் ‘ஸ்டேட்சைட்’ லேபிளுக்குப் போய்விட்டது. லண்டன் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வானொலி நிலையங்களுக்கு முன்கூட்டி அனுப்பிய மாதிரித் தட்டுகள் சில தப்பின. கடைக்கென்று அச்சானவற்றில் வெளியுலகம் அறிந்தது ஒன்றே ஒன்றுதான். ஏலத்துக்கு வந்தது அதுதான்.

சோல் என்னும் கறுப்பின அமெரிக்க இசையின் அரிய தட்டுகள் விலைபோகும் சந்தையின் குணம் முழுவதும் இந்த ஒரு தட்டிலேயே தெரிந்துவிடுகிறது. நல்ல பாட்டு என்பதற்காக மட்டும் இங்கே யாரும் ஆயிரக்கணக்கில் கொடுப்பதில்லை. எங்கோ யாருடைய வியாபாரமோ கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழ்ந்ததைத் தேடி, பல ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் கூடினால்தான் விலை.

தேடி வந்தவர்கள் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர்கள். பருத்தி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், மட்பாண்டத் தொழிற்சாலை என்று வாரம் முழுவதும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை இரவுக்காகக் காத்திருந்த இளைஞர்கள். 1960களின் நடுவில் பிரிட்டன் முழுவதுமே டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத் தட்டுகளுக்கு ஆடியது. பத்தாண்டின் முடிவில் லண்டனின் ரசனை மாறிவிட்டது. ராக் ஒருபுறம், ஃபங்க் ஒருபுறம் என்று பிரிந்துபோனார்கள். வடக்கே இருந்தவர்கள் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. 1964 முதல் 1967 வரையிலான அந்த வேகமான தாளம், அழுகையைச் சிரித்துக்கொண்டே பாடுகிற அந்தக் குரல், பின்னால் வயலின்கள், டாம்பரின் ஒலி: இதுதான் வேண்டும் என்றார்கள்.

இந்த ரசனைக்குப் பெயர் வைத்தவர் லண்டனில் ‘சோல் சிட்டி’ என்ற கடை நடத்திய எழுத்தாளர் டேவ் கோடின். பெயர் பிறந்த விதம் வியாபாரக் கதைதான். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து லண்டன் வரும் இளைஞர்கள் கடைக்குள் நுழைந்து பழைய வகைத் தட்டுகளையே கேட்டார்கள். புதிய ஃபங்க் தட்டுகளைக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அவர்களுக்கு ‘நார்தர்ன் சோல்’ எடுத்துப் போடுங்கள் என்று கடைப் பையன்களுக்கு அடையாளம் சொல்வதற்காக அவர் புழங்கிய சொல் அது. மான்செஸ்டரின் ‘ட்விஸ்டட் வீல்’ நடன அரங்கத்துக்குப் போய்வந்த பிறகு, 1970இல் ‘ப்ளூஸ் அண்ட் சோல்’ இதழில் அதை அச்சில் ஏற்றினார். அமெரிக்காவில் பாடப்பட்ட ஓர் இசைக்கு இங்கிலாந்தின் திசைப்பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். பாடியவர்களில் பலருக்கு அப்படி ஒரு திசை இருப்பதே தெரியாது.

இந்த ரசனைக்குள் ஒரு சிக்கல் இருந்தது. 1967ஓடு காலம் நின்றுவிட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குப் புதிய சரக்கு எங்கிருந்து வரும்? மோட்டவுனின் வெற்றிப் பாட்டுகள் ஓரிரு ஆண்டுகளில் ஆடிச் சலித்துவிட்டன. மிச்சம் இருந்த ஒரே வழி, அதே ஆண்டுகளில் அதே சாயலில் பதிவாகி யாரும் கேட்காமல் போன பாட்டுகளைத் தோண்டுவது. வேறு எந்த நடனக் கூட்டமும் தோல்விகளையே தன் உணவாக வைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

தோல்விகளுக்குப் பஞ்சமும் இல்லை. 1960களின் அமெரிக்காவில் ஒரு பாட்டைப் பதிவு செய்து, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டாகச் சில நூறு பிரதிகள் அடிப்பது ஒரு முடிதிருத்தும் கடைக்காரரால்கூட முடிகிற செலவு. டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நகரம் நகரமாக, தெருவுக்கு ஒன்றாக லேபிள்கள் முளைத்தன. மோட்டவுனின் வாத்தியக்காரர்களே இரவில் கள்ளத்தனமாக வேறு ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துக் கூடுதல் காசு பார்த்தார்கள். ஆகவே தரத்தில் குறை சொல்ல முடியாத தட்டுகள் ஊர் பேர் தெரியாத லேபிள்களில் வந்தன. அடிப்பது சுலபம், விற்பதுதான் கஷ்டம். வானொலியில் தட்டைப் போட வைக்கச் செல்வாக்கு வேண்டும், சில இடங்களில் லஞ்சமும் வேண்டும். ஊர் தாண்டிக் கொண்டுபோக விநியோகஸ்தர் வேண்டும். அவர் ஒழுங்காகக் கணக்குத் தீர்க்கவும் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தட்டு கிடங்கில் தூங்கியது, அல்லது ஒரு சென்ட் இரண்டு சென்ட்டுக்கு மொத்தமாகத் தள்ளிவிடப்பட்டது.

சில தோல்விகள் வெறும் வியாபாரத் தோல்விகள் அல்ல. டெட்ராய்ட்டில் ஜோ வான் பேட்டில் என்பவர் தட்டுக் கடையும் ஒலிப்பதிவும் சேர்த்து நடத்திவந்தார். அரீத்தா ஃபிராங்க்ளின் சிறுமியாகப் பாடியதை முதலில் பதிவு செய்தவர் இவர். நெடுஞ்சாலை போடுவதற்காகக் கறுப்பினத்தவரின் ஹேஸ்டிங்ஸ் தெருவை அரசு இடித்துத் தள்ளியபோது கடையைப் பன்னிரண்டாம் தெருவுக்கு மாற்றினார். 1967 ஜூலைக் கலவரம் மூண்டது அதே பன்னிரண்டாம் தெருவில். கடையும், சேர்த்து வைத்திருந்த ஒலிநாடாக்களும் அதோடு போயின. வாஷிங்டனில் ‘ஷ்ரைன்’ என்ற லேபிளை எடி சிங்கிள்டனும், மோட்டவுன் நிறுவனர் பெரி கோர்டியின் முன்னாள் மனைவி ரேனோமாவும் நடத்தினார்கள். அதன் தட்டுகள் அத்தனையும் இன்று கிடைப்பதற்கரியவை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் 1968 ஏப்ரலில் வெடித்த கலவரத்தில் மிச்சத் தட்டுகள் கிடங்கோடு எரிந்தன என்பது சேகரிப்பாளர்களின் வாய்வழிக் கதை. கதை உண்மையோ இல்லையோ, விலையில் அதற்கும் பங்கு உண்டு.

இந்தப் பக்கம் இங்கிலாந்தில் தேடல் சூடுபிடித்தது. 1973 செப்டம்பரில் விகன் என்ற ஆலை நகரத்தில் ‘விகன் கசினோ’ விடிய விடிய ஆடும் இரவுகளைத் தொடங்கியது. நள்ளிரவு தாண்டித் திறந்து காலை எட்டு மணிக்கு முடியும். மது விற்பனை கிடையாது. மரத்தரையில் கால் வழுக்கிச் சுழல முகப்பவுடரைத் தூவிக்கொண்டார்கள். போதை மாத்திரைப் பழக்கமும் பரவலாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஆடியவர்கள் ஜோடி சேர்ந்து ஆடவில்லை. தனித்தனியாக, தரையில் விழுந்து எழுந்து, காலை உதைத்துச் சுழன்று ஆடினார்கள். அரங்கத்துக்குள்ளேயே ஒரு பக்கம் பெட்டி பெட்டியாகத் தட்டு விற்பனை. ஆடி வியர்த்தவர்கள் அங்கே வந்து பெட்டிகளைத் துழாவினார்கள். 1981 டிசம்பரில் மூடப்படும் வரை, விகன் இந்தச் சந்தையின் பங்குச்சந்தை போலவே இயங்கியது. ஒரு பாட்டு சனிக்கிழமை இரவு தரையை நிரப்பினால் திங்கட்கிழமை அந்தத் தட்டின் விலை வேறு.

அந்த அரங்கில் நட்சத்திரம் என்றால் அது டிஜேதான். அவருக்கு மதிப்பு, மற்றவரிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருப்பதால். அதற்காக அமெரிக்காவுக்கே போனார்கள். பிளாக்பூல் மெக்கா அரங்கின் டிஜே இயன் லெவின், குடும்பத்தோடு விடுமுறைக்கு மயாமி போகும்போதெல்லாம் பழைய பொருள் கடைகளை அலசி ஆயிரக்கணக்கில் தட்டுகளை அள்ளிவந்தார். வேறு சிலர் பிலடெல்பியாவின் கிடங்குகளில் புழுதி தின்றார்கள். கிலோ கணக்கில் வாங்குகிற பழைய பேப்பர் வியாபாரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வாங்குபவர் காதில் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர. அப்படி 1973இல் பிலடெல்பியாவில் ஒரு டிஜே கையில் சிக்கியதுதான் குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெய்ன்டட் லவ்’. 1965இல் ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டாக வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. வடக்கு இங்கிலாந்து அதற்கு ஆடியது. அந்த அரங்குகளின் காற்றை சுவாசித்த ‘சாஃப்ட் செல்’ குழு 1981இல் அதை மறுபடி பாடி பிரிட்டனின் முதலிடத்தைப் பிடித்தது. ஒரு தோல்வி உலகப் புகழ் பெற்றது இப்படி. பெரும்பாலானவற்றுக்கு அந்த யோகம் இல்லை.

தட்டு அரிதாக இருந்தால் மட்டும் போதாது. பாட்டின் பெயர் வெளியே தெரியாமல் இருப்பதும் முக்கியம். போட்டி டிஜே, தட்டு சுழலும்போதே எட்டிப்பார்த்து அதன் நடுவே ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டான லேபிளைப் படித்துவிட்டால் அடுத்த மாதம் அவரிடமும் ஒன்று இருக்கும். அதனால் லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, பொய்யான பாடகர் பெயரையும் பொய்யான தலைப்பையும் சூட்டினார்கள். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மக்கள் இல்லாத பாடகரின் இல்லாத பாட்டுக்கு ஆடினார்கள். ஜமைக்காவின் ஒலிபெருக்கிக் குழுக்கள் இதே காரணத்துக்காக லேபிளைச் சுரண்டி எடுத்தன. மருந்துச் செடியின் பெயரை மகனுக்கு மட்டும் சொல்லும் நாட்டு வைத்தியர் நினைவுக்கு வருகிறார்.

இந்தப் பொய்ப்பெயர் விளையாட்டின் உச்சம் ஃபிராங்க் வில்சனின் தட்டு. மோட்டவுன் நிறுவனத்தில் பாட்டு எழுதித் தயாரித்துவந்த வில்சன் 1965இல் தானே பாடி ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். மோட்டவுனின் துணை லேபிளான ‘சோல்’ அதை வெளியிட ஆயத்தமாகி, சுமார் 250 மாதிரித் தட்டுகளை அடித்தது என்பார்கள். பாடகராக இருக்கப்போகிறாயா, தயாரிப்பாளராக இருக்கப்போகிறாயா என்று பெரி கோர்டி கேட்டதாகவும், வில்சன் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததாகவும் கதை. வெளியீடு நின்றது. தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியது ஒன்று 1970களில் மோட்டவுனின் காப்பகத்திலிருந்து வெளியே வந்து, அதன் நகல் வழியாக விகன் கசினோவில் ஒலித்தது. ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயரில். கள்ளத் தட்டும் வந்தது. கடைசியில் 1979இல் பிரிட்டனில் முறைப்படியே வெளியாயிற்று. மலிவாக, எவரும் வாங்கும்படி.

அதன்பிறகு 1965ஆம் ஆண்டின் மூலத்தட்டுக்கு விலை விழுந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேரெதிர். மிஞ்சியவை ஒன்றிரண்டே என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்தத் தட்டு 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020இல் இன்னொரு கைமாற்றத்தில் ஒரு லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது. அது உண்மையானால் பாட்டின் ஒவ்வொரு நொடிக்கும் அறுநூறு பவுண்டுக்கும் மேல். மலிவுத் தட்டு ஊரெங்கும் பரவியதால்தான் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்ததால்தான் மூலத்துக்கு வெறி வந்தது. யாரும் கேட்டிராத, ஒரே பிரதி மட்டும் உள்ள பாட்டுக்கு யார் ஒரு லட்சம் கொடுப்பார்கள்? அரிது என்பது பாதிதான். மறுபாதி, அரிதானது எது என்று நூறு பேருக்குத் தெரிந்திருப்பது.

மூலத்தட்டின் மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று வெளியாட்களுக்குப் புரிவதில்லை. ஒலித்தரம் என்று சிலர் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. மூல நாடாவிலிருந்து கவனமாக எடுத்த குறுந்தகடு, அறுபது ஆண்டுகள் ஊசியில் தேய்ந்த தட்டைவிடத் துல்லியமாகவே ஒலிக்கும். உண்மையான காரணம் அந்த அரங்குகளின் நெறியில் இருக்கிறது. மூலத்தட்டை மட்டுமே போட வேண்டும். மறுபதிப்போ கள்ளத் தட்டோ கையிலெடுத்த டிஜேக்கு மரியாதை இல்லை. பலரிடம் மூலம் வாங்கக் காசில்லாத காலத்தில் அசிடேட் என்ற மென்பூச்சுத் தட்டில் நகல் வெட்டிப் போட்டவர்களும் உண்டு. பத்து முப்பது முறை போட்டால் அது தேய்ந்து இரையத் தொடங்கும். அப்படிப் போட்டவர்களை இன்றும் வேறு மாதிரித்தான் பார்க்கிறார்கள். கோயில் கருவறைக்குள் உற்சவரை வைத்து மூலவர் என்று சொன்னது போல. தேடியவனுக்கே போட உரிமை என்பதுதான் கணக்கு. விலை என்பது அந்தத் தேடலின் கூலி. பின்னால் வந்தவர்கள் காசால் அதை வாங்கிக்கொள்கிறார்கள்.

பெரும் விலை இருக்கும் இடத்தில் போலி இல்லாமல் இருக்காது. 1970களிலேயே கள்ளத் தட்டுகள் பெருகின. சில, மூல லேபிளை அப்படியே புகைப்படமெடுத்து அச்சடித்தவை. அனுபவப்பட்ட சேகரிப்பாளர் தட்டைக் கையில் வாங்கியதும் பாட்டைக் கேட்க மாட்டார். விளக்கொளியில் சாய்த்து, பாட்டின் பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தைப் படிப்பார். அங்கேதான் தட்டின் ஜாதகம் எழுதியிருக்கும். டெட்ராய்ட்டின் ஆர்ச்சர் தொழிற்சாலையில் அடித்தவற்றில் ஏ, ஆர், பி என்ற மூன்றெழுத்து முத்திரை சிறியதாகப் பதிந்திருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் தொழிற்சாலைத் தட்டில் முக்கோணக் குறியும் அதையடுத்து ஓர் எண்ணும் கீறியிருக்கும். நியூயார்க்கின் பெல் சவுண்ட் கூடத்துக்குத் தனி முத்திரை. தெற்கே அடித்தவை பலவற்றில் ‘நாஷ்வில் மேட்ரிக்ஸ்’ என்று இயந்திரத்தால் பொறித்திருப்பார்கள். கள்ளத் தட்டு அடித்தவர் லேபிளை நகலெடுப்பார். இந்த முத்திரையைப் பொறிக்க மாட்டார், அல்லது கையால் எழுதிச் சமாளிப்பார். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையெழுத்து இருந்தால் காசை எடுக்காமல் எழுந்துவிடலாம்.

தட்டு எதனால் ஆனது என்பதும் ஒரு சாட்சி. எல்லாமே வினைல் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் பல தொழிற்சாலைகள் 45 தட்டுகளை ஸ்டைரீன் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் வார்த்தன. வினைல் கொஞ்சம் வளையும். ஸ்டைரீன் வளையாது, உடையும். நகத்தால் தட்டினால் ஓசையே வேறு. ஸ்டைரீனில் மட்டும் வந்த தட்டு வினைலில் கிடைத்தால் அது போலி. இந்தப் பொருளுக்கு ஒரு சாபமும் உண்டு. பாட்டு சரியான இடத்தில் தொடங்குவதற்காக டிஜேக்கள் ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் அசைப்பார்கள். ஸ்டைரீனில் அந்த இடம் அரைந்துபோய், முதல் சில நொடிகள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல இரையும். பார்த்தால் புதுத் தட்டு போலப் பளபளக்கும்; ஊசி வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். புகைப்படம் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தட்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் முறை இன்னொரு மொழி. புத்தம் புதியது, கிட்டத்தட்டப் புதியது, மிக நன்று, நன்று என்று இறங்கு வரிசை. இந்தச் சந்தையில் ‘நன்று’ என்றால் நாசம் என்று பொருள் கொள்ள வேண்டும். மணல் காகிதத்தில் தேய்த்தது போல ஒலிக்கும். லேபிளில் பேனாவால் யாரோ பெயர் எழுதியிருந்தால் விலை குறையும். லேபிளில் துளை போட்டிருந்தால் அது விற்காத சரக்காகத் தள்ளப்பட்டது என்று அர்த்தம். எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. பழைய அமெரிக்க வானொலி நிலையத்தின் முத்திரையோ, ‘திங்கள் முதல் போடவும்’ என்பது போன்ற கிறுக்கலோ லேபிளில் இருந்தால் அது குறையாகக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தட்டுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததற்கான ஒரே அத்தாட்சியைக் குறை என்று சொல்கிறோம்.

இணையம் வருவதற்கு முன் இந்த வியாபாரம் தபாலில் நடந்தது. வியாபாரிகள் தட்டச்சு செய்து நகலெடுத்த பட்டியல்களை அனுப்புவார்கள். பட்டியல் எவர் வீட்டுக்கு முதலில் வருகிறதோ அவர் தொலைபேசிக்கு ஓடுவார். அமெரிக்கக் கிடங்கிலிருந்து மொத்தமாக வாங்கிவந்தவருக்கு விலை தெரியும், விற்ற அமெரிக்கருக்குத் தெரியாது. லாபம் முழுவதும் இந்த அறியாமையின் இடைவெளியில் இருந்தது. ஈபே என்ற இணைய ஏலத்தளமும், 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தளமும் அந்த இடைவெளியை அடைத்துவிட்டன. இன்று ஒஹாயோவில் ஒரு பாட்டியின் வீட்டைக் காலி செய்கிறவர்கூடக் கைப்பேசியில் விலை பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்து காட்டுவார். கடைசியாக எந்தத் தட்டு எவ்வளவுக்குப் போனது என்பது எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால் மலிவாகக் கிடைத்த காலம் முடிந்தது என்று பழையவர்கள் புலம்புகிறார்கள். அவர்கள் சொல்லாதது: வெளிச்சம் சில தட்டுகளின் விலையை இறக்கியும் விட்டது. உலகில் ஐந்தே உண்டு என்று நம்பிய தட்டு ஐம்பது இருப்பது தெரிந்தால், அல்லது ஒரு பழைய கிடங்கில் திறக்காத பெட்டி ஒன்று அகப்பட்டால், மறுநாளே விலை பாதியாகும். பெட்டியைக் கண்டவர் அதைச் சொல்லாமல், மாதத்துக்கு ஒன்றாக வெளியே விடுவதும் இந்தத் தொழிலின் பழைய வித்தை.

தேடுகிறவர்களும் இன்று வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் அல்ல. கலிபோர்னியாவில், தரையை ஒட்டத் தாழ்த்திய பழைய கார்களை அலங்கரித்து மெதுவாக ஓட்டிச்செல்லும் மெக்சிகோ வம்சாவளியினருக்கு நீண்ட காலமாகவே ஒரு தனி ரசனை உண்டு: மெதுவான, இனிமையான, கூட்டுக்குரலில் உருகும் காதல் பாட்டுகள். அண்மைக் காலத்தில் அந்த வகைத் தட்டுகளின் விலையும் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பல தட்டுகளில் ஒரு பக்கம் வேகப் பாட்டு, மறுபக்கம் மெதுவான பாட்டு. விகன் ஐம்பது ஆண்டுகளாகத் திருப்பிப் போடாத பக்கத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் இன்று காசு கொடுக்கிறது. தட்டு அதேதான். ஆடும் ஊர்தான் வேறு.

இத்தனை பணமும் பாடியவருக்குப் போகிறதா என்றால், ஒரு காசுகூடப் போவதில்லை. பிரிட்டனில் ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு ஒரு பங்கு சட்டப்படி உண்டு. பழைய தட்டு கைமாறும்போது பாடகருக்கு அப்படி எதுவும் இல்லை. டாரல் பேங்க்ஸ் 1970இல் டெட்ராய்ட்டில் போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அப்போது அந்த லண்டன் தட்டு யாருடைய அலமாரியில் இருந்ததோ. ஜூனியர் மெக்கான்ட்ஸ் என்ற பாடகர் சின்சினாட்டியின் கிங் நிறுவனத்துக்காக 1967இல் பாடிய தட்டு, அவர் இளம் வயதிலேயே இறந்ததால் வெளிவராமல் நின்றது; மிஞ்சிய மாதிரித் தட்டுகள் மிகச் சிலவே. விலை ஆயிரக்கணக்கான பவுண்டு. மரணம் இங்கே ஒரு விலைக்காரணி என்பதை வியாபாரிகள் மென்று விழுங்கித்தான் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தவர்கள் சிலருக்கு மட்டும் ஒரு விநோதமான இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது. இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் வார இறுதி விழாக்களுக்கு அழைக்கப்பட்டு, தாங்களே மறந்துபோன பாட்டைப் பாட மேடையேறினார்கள். கீழே நின்ற நடுவயது வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

பாடியவர்களுக்குக் கொஞ்சமாவது போய்ச்சேரும் வழி, உரிமை பெற்று வெளியிடும் மறுபதிப்புதான். லண்டனின் ‘கென்ட்’ லேபிள் 1980களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க நிறுவனங்களின் பழைய நாடாக் கிடங்குகளுக்குள் இறங்கி, முறையாக அனுமதி பெற்று, விளக்கக் குறிப்புகளோடு தொகுப்புகள் வெளியிட்டுவருகிறது. தேடியபோது இன்னொன்றும் அகப்பட்டது: தட்டாகவே அச்சாகாமல் நாடாவில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்த பாட்டுகள். தோற்பதற்கான வாய்ப்பே கிடைக்காத பாட்டுகள் என்று சொல்லலாம். அவற்றில் சிலவற்றைப் புதிய 45 தட்டாக அடித்து, லண்டன் ‘ஹண்ட்ரட் கிளப்’ அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் ஆண்டுநிறைவு நடன இரவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். கடையில் விற்பனை கிடையாது. நுழைவுச்சீட்டோடு வாசலில் இலவசமாகக் கிடைத்த அந்தத் தட்டுகளில் சில இப்போது நூறு பவுண்டைத் தாண்டிக் கைமாறுகின்றன.